மக்னீற்றோவுக்கு ஒரு மூடி

மூன்றாம் முறையாக அந்த மோட்டார் சைக்கிள் மாட்டு வண்டிலின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தபோது, முருகேசு ஒரு லொறியின் அடியில் மல்லாந்து கிடந்தான். சில்லுகளின் கீச்சொலியிலேயே வருவது எது என்று தெரிந்துவிட்டது. நெஞ்சில் சொட்டிய எண்ணெயைச் சாக்குத் துண்டால் துடைத்தபடி வெளியே ஊர்ந்து வந்தான்.

"வந்திட்டார் மாப்பிள்ளை," என்றான் கிறிஸ்துநாயகம். மானிப்பாய்ச் சந்தியிலிருந்த அந்தக் கராச்சில் தகரவேலை முழுக்க அவனுடையது. "ஒரு கிழமை பெண்டாட்டி வீட்டிலை நிண்டு பிடிக்கமாட்டாராம்."

"பகிடி விடாதையண்ணை. முதலாளி இண்டைக்கு என்ன சொல்லப் போறாரோ."

அது ஒரு கலப்புப் பிறவி. எஞ்சின் ஒரு கம்பனியுடையது, சட்டம் இன்னொன்றுடையது, பின்சில்லு எந்தத் தேசத்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும். கோப்பாய்ச் சீவரத்தினம் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்த காலத்தில் தன் விருப்பத்துக்குச் சேர்த்துக் கட்டுவித்த வண்டி. மனைவி இருந்து போவதற்கென்று ஈப்போவில் ஒரு சீனத் தச்சன் பிரம்பால் பின்னிக் கொடுத்த சைட்கார் பக்கத்தில். பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது கப்பலில் கூடவே ஏற்றி வந்தார். "இதிட்டைச் சாதி கேட்டால் பாவம் என்ன சொல்லும்?" என்று முதல்நாளே கிறிஸ்துநாயகம் சிரித்தான். யாழ்ப்பாணத்தில் இப்படி வண்டி வேறு கிடையாது. ஆகவே இதற்கென்று ஓர் உறுப்பை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. தேய்ந்ததற்கு மாற்றை முருகேசுதான் அராவியும் வெட்டியும் உண்டாக்க வேண்டும்.

முதல்முறை பிளக்கை மாற்றினான். இரண்டாம் முறை மக்னீற்றோவைத் திறந்தான். எஞ்சினுக்கு நெருப்புப்பொறி கொடுக்கிற பெட்டி அதுதான். உள்ளே இருந்த கரித்துண்டு தேய்ந்து குட்டையாகிப் போயிருந்தது. டோர்ச் பற்றறி ஒன்றை உடைத்து, அதன் நடுக்கரியை அராவிப் பொருத்தினான். இரண்டு முறையும் கராச்சில் ஒரே உதையில் கிளம்பிற்று. சங்குவேலி வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். நூல் பிடித்தாற்போல ஓடிற்று. இரண்டு முறையும் கோப்பாய்க்குப் போய் அடுத்த வெள்ளிக்கிழமையே படுத்துவிட்டது.

இப்போது மறுபடி மக்னீற்றோவைத் திறந்தான். மூடியின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. புழுதியாக்கும் என்று ஊதித் துடைத்தான். கோப்பாய் மண் சிவப்பாயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது, அதற்குமேல் யோசிக்கவில்லை. உள்ளே பொறியை வெட்டி வெட்டி விடுகிற சின்ன நெம்பு அசையாமல் அடம்பிடித்தது. அந்த நெம்பு ஆடுகிற இடத்தில் நாரை அழுத்திச் செய்த குழாய்த்துண்டு ஒன்று உண்டு. அது ஊதிப்போய் நெம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ஈரம் பட்டால்தான் அது ஊதும். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது.

"எங்கையிருந்து தண்ணி வருது உனக்கு?" என்று வண்டியிடமே கேட்டான்.

"முருகன்!"

கராச் முதலாளி கனகலிங்கம் வந்துகொண்டிருந்தார். முருகேசு என்று முழுப்பெயர் சொல்லி அவனைக் கூப்பிடுகிற பெரியாட்கள் அந்தப் பகுதியில் எவருமில்லை. பனையேறுகிறவன் மகனுக்கு அரைப்பெயர் காணும் என்பது அவர்கள் எண்ணம்.

"இருபாலைச் சந்தியிலை என்ன நடந்ததெண்டு தெரியுமோடா? நல்லூர்க் கொடியேத்தத்துக்குப் போன சனம் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்க வண்டி படுத்திட்டுது. சீவரத்தினத்தாற்றை மனிசி, ரோட்டிலை கால் வைச்சு அறியாத மனுசி, பட்டுச் சீலையோடை வெய்யிலுக்கை நடந்து போனவ. சனம் பல்லை இளிச்சதாம்."

"ஈரம் பட்டிருக்குது முதலாளி. எங்காலை எண்டுதான்..."

"ஈரமோ! நீ வேணுமெண்டு செய்யிறாயெண்டு அவர் சொல்லுறார். பள்ளிக்கூடத்திலை சம ஆசனம் கேட்டு நிக்கிற கூட்டத்திலை நீயும் ஒருத்தனாம். நாச்சியாரை நடக்க வைச்சுப் பாக்கிறதுக்கு எதையோ கழட்டி விடுறியாம்."

முருகேசுவுக்கு முகம் கறுத்தது. "என்ரை பிள்ளையளாணை, முதலாளி..."

"ஆணையை விடு. தேர்த்திருவிழாவுக்கு அவர் அதிலை போகோணும். இன்னொருக்கா நிண்டுதோ, பேந்து நீ இந்தப் பக்கம் வராதை. நான் வேறை ஆள் பாக்கிறன்."

கனகலிங்கம் கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. கொழும்பில் ஒரு லொறிக் கராச்சில் வேலை பழகிவிட்டு வந்த முருகேசுவை ஊரில் எவரும் வாசலில் அண்டவிடாதபோது, கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர்தான். முருகேசுவின் குடிசை நின்றது காணிக்குச் சொந்தக்காரரான ஒரு கமக்காரரின் வளவில். தகப்பன் அந்த வளவுப் பனைகளில் ஏறி ஏறிக் கடைசியில் விழுந்து இடுப்பு முறிந்தவர். மகனும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் குடிசையைப் பிடுங்கிக்கொண்டு எழும்ப வேண்டும் என்று கமக்காரர் நின்றபோது, கனகலிங்கம் போய்க் கதைத்துத் தடுத்தார். "உன்னட்டை நிக்குமட்டும் நிக்கட்டும். நீ விட்ட அண்டைக்கு அவன் என்ரை பனையிலை நிக்கோணும்," என்று கமக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பேச்சு அப்படியே நின்றது. கராச் போனால் பனை. இரண்டுக்கும் நடுவில் முருகேசுவுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை.

அதைவிட இன்னொன்று. சந்தித் தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், அவனுக்குச் சிரட்டை. கிணற்றடியில் யாராவது அள்ளி ஊற்றும்வரை கை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். கராச்சுக்குள் மட்டும் எண்ணெய்க் கையோடு எதையும் பிடிக்கலாம், எதையும் திறக்கலாம். யார் வீட்டுக் கார் என்று எஞ்சின் கேட்பதில்லை.

ஊதிய நார்த்துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கடைந்தான். நெம்பு ஆடும் ஊசியை மண்ணெண்ணெயில் கழுவினான். பொறி வெட்டுகிற முனைகளைத் தீட்டினான். இருக்கட்டும் என்று செயினையும் மாற்றினான். நாள் முழுக்க வண்டியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். அது ஒரு தரம் கூட இருமவில்லை.

"நீயே கொண்டுபோய் விடு," என்றார் கனகலிங்கம். "அவர் ஏறி ஓடிக் காட்டுமட்டும் அங்கையே நில்."

இருக்கையில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் இருந்து கோப்பாய்க்கு ஓட்டிப் போனான். படலையடியில் நிறுத்திவிட்டு இறங்கி, வளவுக்குள் தள்ளிச் சென்றான். சீவரத்தினம் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். முருகேசு உதைத்துக் காட்டினான். கிளம்பிற்று.

"சரி, நிப்பாட்டு. படலைக்கு வெளியிலை போய் நில். வெய்யில் தாழ ஒரு சுத்து ஓடிப் பாக்கிறன்."

முருகேசு வெளியே பூவரசு நிழலில் போய்க் குந்தினான். கிடுகு வேலியில் ஓர் ஓட்டை. அவன் ஒன்றும் ஒளிந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தது, பார்த்தான்.

சீவரத்தினத்தின் மனைவி சிவக்கொழுந்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குடத்தின் வாயில் மாவிலைக் கொத்து. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குடத்தை வைத்து, மாவிலையைத் தோய்த்து முதலில் சைட்காருக்குத் தெளித்தார். மஞ்சள் தண்ணி. பிறகு குடத்தைத் தூக்கினார். பிடிகளில் ஊற்றினார். இருக்கையில் ஊற்றினார். பெற்றோல் தாங்கியில் ஊற்றினார். முருகேசுவின் கை எங்கே கூடுதலாகப் பட்டிருக்கும் என்று அவருக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. குனிந்து, மிச்சத் தண்ணி முழுவதையும் எஞ்சினின்மேல் கவிழ்த்தார். சூடு ஆறாத இரும்பு சீறி ஆவி விட்டது. சீவரத்தினம் கால் நனையாமல் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அட நாசமாய்ப் போக, இதுவா! முருகேசு தலையில் கையை வைத்தான். தான் மிதித்த வாசலைக் கழுவுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். தான் குந்தியிருந்த நிலத்துக்குச் சாணி தெளிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறான். ஆனால் ஒரு எஞ்சினைக் குளிப்பாட்டுவார்கள் என்று எந்த விசரன்தான் நினைப்பான்? ஒவ்வொரு முறை திருத்திக் கொண்டுவந்து விட்டபோதும் ஒரு குடம். கோயிலுக்குப் போகிற வண்டியல்லவா. அவன் பிளக்கை மாற்றினான், கரியை மாற்றினான், செயினை மாற்றினான். மாற்றியிருக்க வேண்டியது தன் கைகளை.

வெயில் தாழ்ந்தது. சீவரத்தினம் வந்து உதைத்தார். கிளம்பிய வண்டி படலையைத் தாண்டுமுன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மறுபடி உதைத்தார். மறுபடியும். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இஞ்சை வாடா! கொண்டுவந்து விட்ட கையோடை நிண்டிட்டுது. இதுக்கு என்ன சொல்லுறாய்?"

முருகேசு சால்வைத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். சொல்லாமல் விட்டால் பனை. சொன்னால் என்ன வருமென்று தெரியவில்லை.

"நயினார்... மக்னீற்றோவுக்குத் தண்ணி பட்டிட்டுது போலை."

"என்ன தண்ணி? மழையே பெய்தது?"

"மழை இல்லை நயினார்."

"அப்ப என்ன?"

முருகேசு நிலத்தைப் பார்த்தான். வண்டியின் கீழே மஞ்சள் குட்டை ஒன்று இன்னும் காயாமல் கிடந்தது. சீவரத்தினமும் அதைப் பார்த்தார். வாசலில் நின்ற சிவக்கொழுந்தும் பார்த்தார்.

"என்ரை வீட்டிலை நான் மஞ்சள்தண்ணி தெளிக்கிறதுக்கு இவனிட்டையே கேக்கோணும்?" என்றார் சிவக்கொழுந்து. கேள்வி புருஷனிடம்தான்.

சீவரத்தினத்தின் காது சிவந்துவிட்டது. விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது என்பது முருகேசுவுக்கும் விளங்கிற்று. ஆனால் விளங்கினதை மனைவிக்கு முன்னால், அதுவும் இவன் வாயால் வந்ததை, ஒத்துக்கொள்வது எப்படி?

"மலாயாவிலை மாசக்கணக்கிலை கொட்டுற மழைக்குள்ளை ஓடின வண்டியடா இது! அந்த மழைக்கு நிக்காதது ஒரு குடம் தண்ணிக்கு நிக்குமோ? ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். செய்யத் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு. எங்கடை ஆசாரத்திலை பிழை பிடிக்க வாறாய்!"

ஓடுகிறபோது முன்னாலிருந்து வருகிற மழை வேறு, நிற்கிற சூட்டு எஞ்சினின் தலையில் கவிழ்க்கிற குடம் வேறு. முருகேசு அதைச் சொல்லவில்லை. "ஓம் நயினார்," என்றான். கோப்பாயிலிருந்து நடந்தே வந்தான்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான். தங்கமுத்து பனையோலை வார்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊத்தட்டும்," என்றாள் கடைசியில்.

"என்னடி சொல்லுறாய்? நான் என்ன பீயே பூசிவிட்டனான் அதிலை?"

"எனக்கு மட்டும் கோவம் இல்லையே? வயிறு எரியுது. ஆனால் மாமா மரத்தாலை விழுந்தண்டு தூக்கிக்கொண்டு வந்தது நானும்தான். உங்கடை காலிலை தளைநார் ஏறுறதை நான் பாக்கமாட்டன். அவ ஊத்தினால் ஊத்தட்டும். ஊத்தினாலும் வண்டி ஓடுறதுக்கு வழி இல்லையே?"

முருகேசு கோப்பையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை.

அடுத்தநாள் அவன் போகுமுன்னமே சீவரத்தினம் வாடகைக் காரில் கராச்சுக்கு வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். வண்டியும் மாட்டின் பின்னால் வந்து சேர்ந்திருந்தது. கனகலிங்கம் மரவாங்கில் குந்தியிருந்தார்.

"உண்மையே? மனிசி தண்ணி ஊத்துறவவே?"

"ஒரு குடம், முதலாளி. எஞ்சினிலை."

கனகலிங்கம் உச்சுக்கொட்டினார். "விசர்ச் சனம்," என்றார் மெதுவாக. உடனே சுற்றிப் பார்த்துக்கொண்டார். "ஆனால் ஊத்தாதையுங்கோ எண்டு நான் போய்ச் சொல்லேலுமே? நாளைக்கு ஆர் என்ரை கராச்சுக்கு வருவினம்? உன்னை வைச்சிருக்கிறதுக்கே கதைக்கிறாங்கள்."

"நான் செய்ததெண்டு சொல்லுவம்," என்றான் கிறிஸ்துநாயகம். "இவன்ரை பேரே எடுக்கத் தேவையில்லை. அப்ப ஊத்தமாட்டா."

"உனக்கும் ஊத்துவா," என்றார் கனகலிங்கம்.

"ஓம், அதுவும் மெய்தான். வேதக்காரனுக்கு அரைக்குடம்." கிறிஸ்துநாயகம் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். வேறு எவரும் சிரிக்கவில்லை.

முருகேசு வண்டியின் முன்னால் குந்தி, மக்னீற்றோவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பி, பழைய லொறி ரியூப் ஒன்றை இழுத்தெடுத்தான்.

"மூடி ஒண்டு செய்யிறன், முதலாளி. அவ எவ்வளவும் ஊத்தட்டும்."

அன்று முழுக்க வேறு வேலை நடக்கவில்லை. முருகேசு கடதாசியில் அளவு வெட்டினான். கிறிஸ்துநாயகம் அந்த அளவுக்குத் தகரத்தைத் தட்டி வளைத்து ஒரு சின்னக் கூரை செய்தான். அதன் உள்பக்கம் ரியூப் ரப்பரை ஒட்டி, ஓரங்களைச் செருப்புத் தோலால் மடித்துத் தைத்தான் முருகேசு. வயர் வெளியே வருகிற துளைக்கு ரப்பரில் ஒரு கழுத்து. தண்ணி வழிந்தோட முன்பக்கம் ஒரு சரிவு. ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. தன் கை பட்டதைக் கழுவ வருகிற தண்ணிக்குத் தன் கையாலேயே வாய்க்கால் வெட்டுகிறோம் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் நூலை இன்னும் இறுக்கி இழுத்தான். செப்புக்கம்பியால் மூடியை மக்னீற்றோவோடு சேர்த்துக் கட்டி முடிக்கிறபோது வெயில் சாய்ந்திருந்தது.

கனகலிங்கம் சுற்றிவந்து பார்த்தார். விரலால் தட்டினார். "நல்லாய்த்தான் இருக்குது. ஊத்திப் பாப்பம்."

கிறிஸ்துநாயகம் கிணற்றில் அள்ளி, ஒரு பெற்றோல் தகரத்தை நிரப்பிக்கொண்டு வந்தான்.

"சும்மா தண்ணி காணாது," என்றான் முருகேசு. "மஞ்சள் போடோணும். அதுதான் உள்ளுக்கை போய்ப் பிடிக்கிறது."

சந்திக் கடையில் மஞ்சள் தூள் வாங்கிவந்து கரைத்தார்கள். தகரம் முருகேசுவின் கையில் வந்தது. ஒரு கணம் அப்படியே நின்றான்.

"என்ன பாக்கிறாய்? அந்த மனிசி ஊத்தினமாதிரி ஊத்து. எங்கையெங்கை தொட்டனியோ அங்கையெல்லாம்," என்றார் கனகலிங்கம்.

முருகேசு ஊற்றினான். பிடிகளில், இருக்கையில், தாங்கியில், கால் வைக்கிற இடத்தில். அராவியிலும் எண்ணெயிலும் அவன் கை கிடந்த எஞ்சினின்மேல் மிச்சத்தைக் கவிழ்த்தான். தண்ணி தகரக் கூரையில் விழுந்து, சரிவால் ஓடி, நிலத்தில் மஞ்சளாகப் பரந்தது.

கிறிஸ்துநாயகம் ஏறி உதைத்தான். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கனகலிங்கம் கைதட்டினார். "ஊத்து ஊத்தெண்டு ஊத்தினாலும் நிக்காது இனி! அடேய் முருகன், நீ கெட்டிக்காரனடா. இனி உன்னை ஒருத்தரும் அசைக்கேலாது." அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். கண்கூடக் கலங்கியிருந்தது.

எஞ்சின் கொஞ்சம் கூடிய வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்க வேண்டும். முருகேசு குனிந்து கார்பரேற்றரின் திருகாணிக்குக் கையை நீட்டினான்.

"தொடாதை!" என்றார் கனகலிங்கம்.

முருகேசு திரும்பிப் பார்த்தான்.

"கழுவியாச்செல்லோ. மஞ்சளும் போட்டாச்சு. கிறிஸ்து நேரே கொண்டுபோய்க் குடுக்கட்டும். கழுவிப்போட்டுத்தான் கொண்டுவந்தம் எண்டால் அந்த மனிசிக்கும் திருப்தி. இனி நீ ஏன் அதைத் தொடுவான்?" குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்கிற குரல்தான். "இனி வேற ஆக்களின்ரை வண்டியளையும் இப்பிடிச் செய்து அனுப்பினால் என்ன? நல்ல யோசனைதானே?"

கிறிஸ்துநாயகம் வண்டியின் பக்கம் குனிந்து, திருகாணியைத் தேடினான்.

முருகேசு கைகளை இறக்கினான். இரண்டு எட்டுப் பின்னால் போய், மஞ்சள் தண்ணிக்கு அப்பால், காய்ந்த நிலத்தில் நின்றான்.

"அதில்லையண்ணை, கீழை இருக்கிறது," என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னான். "இடப்பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்... ஆ, காணும்."